முத்திரைக் காசு பிளேனுக்குப் போகுமா?



போன கிழமை எங்கள் ஒன்பதாம் தர வகுப்பில் பிள்ளைகள் பழைய முத்திரைகள் கொண்டுவந்தார்கள். ஒரு மகன் அவனுடைய பெத்தப்பாவின் பெட்டிக்குள் கிடந்த நீல நிற எயார்மெயில் கடிதம் ஒன்றையும் கொண்டுவந்தான். அதைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு கேள்வி கேட்டான்: "சேர், இந்த முத்திரைக் காசு தபால் கந்தோருக்கோ, பிளேன்காரனுக்கோ?"

வகுப்பு சிரித்தது. நாங்கள் சிரிக்கவில்லை. பதில் சரியாகத் தெரியாமல் இருந்ததால்தான்! அன்று "நாளைக்குச் சொல்கிறோம்" என்று தப்பிவிட்டோம். பிறகு தேடி வாசிக்க வாசிக்க, யாழ்ப்பாணத்தின் கதையிலும் எங்கள் சோனகதெருவின் கதையிலும் பாதி இந்தக் கேள்விக்குள் இருக்கிறது என்று பட்டது. அதனால் பதிவு நீளம். தேத்தண்ணியை வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

முதலில் அடிப்படை. உலகத்தில் பெரும்பாலான தபால் திணைக்களங்களுக்குச் சொந்தமாக ஒரு விமானம்கூட இல்லை. கடிதத்தை எடுப்பதும் தரம்பிரிப்பதும் கொடுப்பதும் அவர்களுடைய வேலை. கடலையும் ஆகாயத்தையும் கடப்பதற்கு வேறு ஆளிடம் இடம் வாங்க வேண்டும். கல்யாண வீட்டுக்காரர் வான் பிடிப்பதுபோலத்தான், ஆனால் இங்கே வாடகை ஆளுக்கு அல்ல, நிறைக்கு.

அது நடக்கும் முறை இப்படி. கடிதங்களைப் பையில் கட்டி, சீல் வைத்து, நிறுத்து, நிறையைச் சீட்டில் எழுதுவார்கள். பைகளோடு ஓர் ஒப்படைப்புப் பட்டியலும் போகும். இன்று அதற்கு சீ.என். 38 என்று பெயர். மூத்த தபால் ஊழியர்களுக்கு அது ஏ.வீ. 7. எந்த விமானம், எத்தனை பை, எத்தனை கிலோ, எங்கே இறக்குவது என்ற விபரம் எல்லாம் அதில் இருக்கும். தபால்காரர் ஒப்பமிட்டுக் கொடுப்பார், விமானக் கம்பனிக்காரர் ஒப்பமிட்டு வாங்குவார், இறங்கும் ஊரில் அந்த ஊர்த் தபால்காரர் ஒப்பமிட்டு எடுப்பார். காசுக் கணக்கு அந்தத் தாளை வைத்துத்தான் பின்னால் தீரும்.

கணக்கு என்றால் நிறையைத் தூரத்தால் பெருக்குவது. 20 கிலோ பை 1,000 கிலோமீற்றர் போனால் அது 20 'தொன் கிலோமீற்றர்'. ஒரு தொன் கிலோமீற்றருக்கு ஆகக்கூடியது எவ்வளவு கேட்கலாம் என்பதற்கு உலகத் தபால் ஒன்றியம் ஓர் உச்ச வரம்பு வைத்திருக்கிறது. தூரத்துக்கும் ஒரு பொதுப் பட்டியல் உண்டு. விமானி மழைக்குப் பயந்து சுற்றிப் பறந்தாலும் பட்டியலில் உள்ள தூரத்துக்குத்தான் காசு. (எங்கள் ஓட்டோத் தம்பிமாருக்கும் இப்படி ஒரு பட்டியல் இருந்தால் நல்லது.)

வெளிநாட்டுக் கடிதத்துக்கு விமானக் கூலி கொடுப்பது அனுப்பும் நாடு. கட்டாரில் இருக்கும் மகன் கடிதம் போட்டால், கட்டார் தபால்தான் கொழும்பு வரைக்குமான கூலியைக் கட்டும். கொழும்பில் இருந்து யாழ்ப்பாணம் கொண்டுவந்து வீட்டு வாசலில் கொடுப்பது இலங்கைத் தபாலின் வேலை. அந்த வேலைக்கு அனுப்பிய நாடு ஏதாவது கொடுக்க வேண்டாமா? நெடுங்காலம் கொடுக்கவில்லை. "நீ ஒரு கடிதம் அனுப்பினால் நானும் ஒன்று அனுப்புவேன், கணக்குச் சரி" என்று விட்டுவிட்டார்கள். வறிய நாடுகளுக்கு வருவது அதிகம், அங்கிருந்து போவது குறைவு என்ற நியாயம் 1969இல் டோக்கியோவில் கூடிய மாநாட்டில்தான் ஏறியது. அதன் பிறகுதான் கொண்டுபோய்க் கொடுக்கும் நாட்டுக்கும் ஒரு பங்கு என்ற ஏற்பாடு வந்தது.

ஆகவே அந்த மகனின் கேள்விக்குச் சுருக்கமான விடை: காசு முதலில் தபாலுக்கு, அதில் ஒரு பகுதி பிளேனுக்கு, இன்னொரு பகுதி கடிதத்தைக் கொண்டுவந்து தரும் நாட்டுக்கு. ஆனால் எவ்வளவு, யாரிடம் பேசி, எந்த நிபந்தனையில் என்பதில்தான் வரலாறு முழுவதும் கிடக்கிறது.

விமானத்துக்கு முன்பே தபால் ஒப்பந்தம் இருந்தது. பி அன்ட் ஓ கப்பல் கம்பனி வளர்ந்ததே பிரித்தானிய அரசின் தபால் ஒப்பந்தத்தால். 1842இல் அதன் நீராவிக் கப்பல்கள் சுயஸில் இருந்து கல்கத்தாவுக்கு ஓடத் தொடங்கியபோது காலி துறைமுகம் இடையில் ஒரு தரிப்பு. பிறகு ரயில். 1905இல் கொழும்பும் காங்கேசன்துறையும் தண்டவாளத்தால் இணைந்தன. எங்கள் பெரியவர்கள் இரவு ரயிலை 'மெயில்' என்றே சொன்னார்கள். ஆள் ஏறுவது இரண்டாம் பட்சம், தபால் ஏறுவதுதான் முக்கியம் என்பது அந்தப் பெயரிலேயே இருக்கிறது. 1914இல் பாம்பன் பாலம் திறந்த பின் தலைமன்னார் – தனுஷ்கோடி வழியாக ஓடிய சேவைக்கும் 'போட் மெயில்' என்றுதான் பெயர்.

இனி ஆகாயம். உலகின் முதலாவது உத்தியோகபூர்வ விமானத் தபால் பறந்தது ஐரோப்பாவில் அல்ல, எங்கள் பக்கத்து நாட்டில். 1911 பெப்ரவரி 18, அலகாபாத்தில் இருந்து ஆற்றுக்கு அப்பால் உள்ள நைனிக்கு. தூரம் ஏறக்குறைய 10 கிலோமீற்றர். ஹென்றி பெக்கே என்ற பிரெஞ்சு இளைஞர் சுமார் 6,500 கடிதங்களைக் கொண்டுபோனார். அது ஒரு கண்காட்சி விளையாட்டு. தொழிலாக வந்தது 21 வருடத்துக்குப் பிறகு.

அந்தத் தொழில் ஒப்பந்தத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். இம்பீரியல் எயார்வேய்ஸ் 1929இல் லண்டனில் இருந்து கராச்சி வரைக்கும் வரத் தொடங்கியது. கராச்சியில் இறங்கிய கடிதம் அதன் பிறகு ரயிலில் ஊர்ந்தது. நெவில் வின்சென்ட் என்ற விமானியும் ஜே.ஆர்.டி. டாட்டாவும், கராச்சியில் இருந்து பம்பாய் வழியாக மதராசுக்குத் தாங்கள் கொண்டுபோகிறோம் என்று இந்திய அரசிடம் கேட்டார்கள். அரசு காசு இல்லை என்று இழுத்தடித்தது. கடைசியில் டாட்டா தரப்பு மானியமே வேண்டாம் என்று இறங்கி வந்தது. கொண்டுபோகும் தபாலின் நிறைக்கு மட்டும் காசு தந்தால் போதும். தபால் இல்லாத நாளில் நட்டம் எங்களுக்கு. 1932 ஏப்ரலில் பத்து வருட ஒப்பந்தம் கைச்சாத்தானது.

அந்த வருடம் ஒக்டோபர் 15, டாட்டா தானே ஒரு சின்ன புஸ் மொத் விமானத்தைக் கராச்சியில் இருந்து அகமதாபாத் வழியாகப் பம்பாய் ஜூஹுவுக்கு ஓட்டிவந்தார். பையின் நிறை 55 றாத்தல், ஏறக்குறைய 25 கிலோ. ஒரு மூட்டை அரிசியின் நிறைகூட அரைவாசிதான்! பம்பாயில் இருந்து பெல்லாரி வழியாக மதராஸ் வரைக்கும் வின்சென்ட் எடுத்துப் போனார். ஜூஹு நிலையம் கடலோரச் சேற்று நிலம். மழைக்காலத்தில் தண்ணீர் நின்றால் பூனாவுக்குக் கிளம்பிவிடுவார்கள். இன்று எயார் இந்தியா என்று நாங்கள் அறிந்த கம்பனியின் பிறப்பு அதுதான். ஆட்களை ஏற்றிப் பிழைக்கலாம் என்று அந்நாளில் ஒருவரும் நம்பவில்லை. கடிதங்கள்தான் அந்தக் கம்பனிக்குப் பால் கொடுத்து வளர்த்தன.

1938இல் பிரித்தானிய அரசு ஒரு பெரிய திட்டத்தை எங்கள் பக்கத்துக்கு நீட்டியது. பேரரசுக்குள் போகும் கடிதங்களுக்குத் தனியான எயார்மெயில் கட்டணம் வேண்டாம், லண்டனில் அரை அவுன்ஸுக்கு ஒன்றரைப் பென்ஸ் ஒட்டினால் விமானத்தில் போகும் என்றது அந்தத் திட்டம். அந்த வருடம் பெப்ரவரியில் இந்தியா, இலங்கை, மலாயா எல்லாம் அதற்குள் வந்தன. டாட்டாவின் தபால் விமானம் கொழும்புக்கு அருகே இரத்மலானையில் இறங்கத் தொடங்கியது. யாழ்ப்பாணத்தில் போட்ட கடிதம் இரவு மெயிலில் தெற்கே போய் அங்கே ஆகாயம் ஏறியது. வடக்கே போகவேண்டிய கடிதம் முதலில் தெற்கே போனது! இந்த வேடிக்கையை மறந்துவிடாதீர்கள், பின்னால் தேவைப்படும். 1939 செப்டெம்பரில் உலகப் போர் வந்ததும் அந்த மலிவுக் கட்டணம் நின்றது.

அதே போர்தான் எங்களுக்குப் பலாலியைத் தந்தது. பிரித்தானிய விமானப்படை போட்ட ஓடுபாதை அது. போர் முடிந்த பிறகு எயார் சிலோன் பிறந்தது. 1947 டிசெம்பர் 10ஆம் திகதி அதன் முதலாவது சேவை இரத்மலானையில் இருந்து கிளம்பி, பலாலியில் இறங்கி, மதராசுக்குப் போனது. சுதந்திரம் கிடைக்க இரண்டு மாதம் கிடக்கிறது. இந்த நாட்டின் தேசிய விமான சேவை முதல் நாளில் முதலாவதாக இறங்கிய இடம் யாழ்ப்பாணம்! எங்கள் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இது தெரியும்? அந்த டக்கோட்டா விமானங்களுக்கு சீதா தேவி, விகாரமகா தேவி, சுனேத்ரா தேவி என்று பெயர் வைத்தார்கள். 1956இல் ரயிலுக்கு யாழ்தேவி வந்தது. அந்தக் காலத்தில் போக்குவரத்து எல்லாம் தேவிகளின் கையில்.

அரசுக்குச் சொந்தமான விமானம், அரசுக்குச் சொந்தமான தபால். இங்கே ஒப்பந்தம் என்பது ஒரே ஆளின் வலப்பைக்குள் இருந்து இடப்பைக்குள் காசு மாற்றுவது போல. உலகம் முழுக்க அந்தக் காலத்தில் இந்த வழக்கம் இருந்தது. தேசிய விமானம் இருந்தால் தபால் அதற்கே. இதில் ஒரு நன்மை உண்டு. ஆட்கள் குறைந்த பாதையிலும் தபால் நிறை ஒரு நிலையான வருமானம், விமானம் ஓடிக்கொண்டிருக்கும். தீமையும் உண்டு. போட்டி இல்லாத இடத்தில் விலையைக் கேள்வி கேட்க ஆள் இல்லை.

அப்படியென்றால் தனியாருக்கு டெண்டர் போட்டால் எல்லாம் சரியா? அமெரிக்காவின் கதையைக் கேளுங்கள். 1925இல் அங்கே சட்டம் போட்டுத் தபாலைத் தனியார் விமானங்களுக்குக் கொடுத்தார்கள். முதலில் ஒட்டிய முத்திரைப் பெறுமதியில் ஐந்தில் நான்கு பங்கு வரை கம்பனிக்கு. ஒவ்வொரு கடிதத்திலும் முத்திரை எண்ணிக் களைத்து, அடுத்த வருடமே நிறைக்கு மாறினார்கள்: முதல் ஆயிரம் மைலுக்கு றாத்தலுக்கு மூன்று டொலர் வரை. இந்தக் கூலி முத்திரைக் காசைவிட அதிகமாக வந்தது. உடனே சில கம்பனிக்காரர் தங்களுக்குத் தாங்களே பாரமான பொதிகளைத் தபாலில் போடத் தொடங்கினார்களாம். முத்திரை ஒட்டி அனுப்பினாலும் லாபம்! மனிதன் எங்கேயும் மனிதன்தான். 1930இல் நிறையை விட்டு, விமானத்தில் ஒதுக்கும் இடத்துக்குக் காசு என்று மாற்றினார்கள். அதனால் பெரிய விமானம் வாங்கக் கம்பனிகளுக்கு ஆசை வந்தது. ஆனால் பாதைகளை மூடிய அறைக்குள் பெரிய கம்பனிகளுக்குப் பங்கு போட்டார்கள் என்று விவகாரம் வெடித்தது.

1934 பெப்ரவரியில் ஜனாதிபதி ரூஸ்வெல்ட் ஒப்பந்தங்களை எல்லாம் ஒரே நாளில் ரத்துச் செய்து, தபாலைப் படையினரின் விமானங்களில் ஏற்றினார். நடுக் குளிர்காலம். இராத்திரிப் பறப்பிலும் மோசமான காலநிலையிலும் போதிய பழக்கம் இல்லாத இளம் விமானிகள். சில கிழமைகளுக்குள் பன்னிரண்டு பேருக்குக் குறையாமல் செத்துப்போனார்கள். பிறகு தபாலைத் திரும்பவும் தனியாரிடமே கொடுத்து, போட்டி டெண்டர் சட்டமும் போட்டார்கள். ஒப்பந்தத்தில் ஊழல் இருந்தது உண்மை. ஒப்பந்தத்தைக் கிழித்த விதம் உயிர் குடித்ததும் உண்மை. இரண்டையும் சேர்த்துத்தான் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும் என்று நாங்கள் நினைக்கிறோம்.

இப்போது அந்த மகன் கொண்டுவந்த நீலக் கடிதத்துக்கு வருவோம். எயாரோகிராம். ஒரே தாள், மடித்தால் உறை, முத்திரை அச்சடித்தே வரும். இதற்கு முன்னோடி 1933இல் ஈராக்கில் வந்தது. அங்கே தபால் பணிப்பாளராக இருந்த டக்ளஸ் கம்ப்லி என்ற ஆங்கிலேயர் செய்த ஏற்பாடு. விமானத்தில் ஒவ்வொரு கிராமுக்கும் காசு. ஆட்கள் தடித்த தாளில் எழுதி, தடித்த உறையில் போட்டால் கட்டுப்படி ஆகாது. தாளைத் தபாலே கொடுத்துவிட்டால் நிறை முன்கூட்டியே தெரியும். 1952இல் உலகத் தபால் ஒன்றியம் இதை ஏற்றுக்கொண்டது. உள்ளே எதுவும் வைக்கக் கூடாது என்பதுதான் நிபந்தனை. ஒரு படம், ஒரு துண்டு, எதுவும் கூடாது.

எழுபதுகளின் கடைசியில் எங்கள் ஆட்கள் சவூதிக்கும் குவைத்துக்கும் போகத் தொடங்கியபோது சோனகதெருவின் எத்தனையோ வீடுகளுக்கு வாழ்க்கை வந்தது இந்த நீலத் தாளில்தான். மூன்று பக்கமும் எழுதி முடித்து, ஓரத்தில் சுற்றி எழுதி, பசை ஒட்டும் மடிப்பில் "உம்மாவுக்கு ஸலாம் சொல்லவும்" என்று இடம் பிடித்த எழுத்துகளை எங்கள் வயதுக்காரர் கண்டிருப்பீர்கள். கத்தரிக்கோலால் வெட்டும்போது அந்த வரிதான் முதலில் போகும்! எழுத்து அப்படிச் சுருங்கியதற்குக் காரணம் கஞ்சத்தனம் அல்ல. விமானக் கம்பனிக்கும் தபாலுக்கும் நடுவே இருந்த கிராம் கணக்கு எங்கள் வாப்பாமாரின் வசனங்களை அளந்து வெட்டியது.

எயார் சிலோன் 1979இல் முடிந்தது, எயார் லங்கா வந்தது. பிறகு யுத்தம். பலாலி படைத்தளமானது. 1990 ஜூனில் யாழ்தேவி நின்றது. அந்த வருடம் ஒக்டோபர் 30ஆம் திகதி என்ன நடந்தது என்று இந்தப் பதிவை வாசிக்கும் உங்களுக்கு நாங்கள் சொல்லத் தேவையில்லை. இரண்டு மணித்தியாலம். உடுத்த உடுப்போடு வெளிக்கிட்டோம். வடக்கில் இருந்து வெளியேற்றப்பட்ட ஏறக்குறைய 75,000 முஸ்லிம்களில் நாங்களும்.

ஒரு தபால் ஒப்பந்தத்தில் என்னென்ன எழுதலாம்? நிறை, தூரம், நேரம், தாமதத்துக்குத் தண்டம், தொலைந்தால் நட்டஈடு. முகவரியில் ஒரு தெருவே இல்லாமல் போனால் என்ன செய்வது என்று அதில் இடம் இல்லை. ரியாத்தில் இருந்து எங்கள் வீட்டுக்குப் போட்ட இரண்டு கடிதங்கள் 1991இல் திரும்பிப் போனதாகப் பின்னாளில் அறிந்தோம். விமானக் கூலி கட்டியாயிற்று, விமானமும் ஒழுங்காகப் பறந்தது, கொழும்பு வரைக்கும் எல்லாரும் ஒப்பமிட்டார்கள். நாங்கள் அப்போது புத்தளத்தில் ஓலைக் கொட்டிலில் இருந்தோம். எங்கள் முகவரி ஒரு முகாமின் பெயர்.

யாழ்ப்பாணத்தில் இருந்த தமிழ்ச் சகோதரர்களுக்கும் கடிதம் லேசாகக் கிடைக்கவில்லை. ரயில் இல்லை, பாதை பூட்டு. செஞ்சிலுவைச் சங்கத்தின் திறந்த கடிதத் தாளில் குடும்பச் செய்தி மட்டும் எழுதி அனுப்பிய காலம். தொண்ணூறுகளின் பிற்பாதியில் இரத்மலானைக்கும் பலாலிக்கும் இடையே தனியார் விமானம் ஓடியது. 1998 செப்டெம்பர் 29, பலாலியில் இருந்து கிளம்பிய லயன் எயார் விமானம் மன்னார்க் கடலுக்கு மேலே சுட்டு வீழ்த்தப்பட்டது. பயணிகள் 48 பேர், பணியாளர் 7 பேர். பயணிகளில் மிகப் பெரும்பாலானோர் தமிழ் ஆட்கள். சிதைவுகளைக் கடலில் கண்டெடுக்கவே பதினான்கு வருடம் ஆனது. விமானத் தபால் என்பது கடைசியில் யாரோ ஒருவன் அந்த விமானத்தை ஓட்ட வேண்டிய வேலை என்பதை அந்த நாள் எங்களுக்கு நினைவூட்டியது.

இன்றைய நிலைக்கு வருவோம். 2019 ஒக்டோபர் 17இல் பலாலி யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம் என்று திறந்தது. சென்னையில் இருந்து அலையன்ஸ் எயார் வந்தது. 2020 மார்ச்சில் கொரோனா எல்லாவற்றையும் நிறுத்தியது. அப்போது இலங்கையின் விமானத் தபாலும் நின்றது. பலருக்கு அது விளங்கவில்லை: ஆட்கள் பறக்காவிட்டால் கடிதம் ஏன் பறக்கக் கூடாது? காரணம் இதுதான். தபால் பைகளில் பெரும்பகுதி போவது பயணிகள் விமானத்தின் வயிற்றுக்குள். ஆள் இல்லாவிட்டால் விமானம் இல்லை, விமானம் இல்லாவிட்டால் வயிறும் இல்லை. 1932இல் கடிதம் விமானத்தைத் தூக்கியது. 2020இல் விமானம் இறங்கியதும் கடிதமும் இறங்கியது.

2022 டிசெம்பரில் சென்னைச் சேவை திரும்பவும் வந்தது. 2024 செப்டெம்பரில் இண்டிகோவும் சேர்ந்தது. ஆனாலும் வெளிநாட்டுத் தபாலுக்கு நாட்டின் வாசல் கொழும்புதான், மத்திய தபால் பரிமாற்றகம்தான். சென்னையில் இருந்து வரும் விமானம் எங்கள் தலைக்கு மேலே இறங்குகிறது. சென்னையில் போட்ட பொதி கொழும்புக்குப் போய் 400 கிலோமீற்றர் வடக்கே திரும்பி வருகிறது. 1938இன் வேடிக்கை மறுபக்கமாக.

இதை மாற்றலாமா? ஆசை மட்டும் போதாது, கணக்கும் வேண்டும். ஏ.டீ.ஆர். போன்ற சிறிய விமானத்தில் பயணிகளின் பெட்டிகளுக்குப் பிறகு மிஞ்சும் இடம் கொஞ்சம். பலாலியில் சுங்கமும் தபால் பரிமாற்றமும் ஒன்றாக இருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக நிறை வேண்டும். கிழமைக்கு இத்தனை கிலோ நிச்சயம் என்று தபால் சொல்லாவிட்டால் எந்தக் கம்பனியும் விலை பேசாது. கடிதம் குறைந்துவிட்டது, ஆனால் பொதி கூடியிருக்கிறது. வடமாகாணத்துக்குச் சென்னையில் இருந்து மாதம் எத்தனை கிலோ பொதி வருகிறது என்ற ஓர் எண்ணைத் தபால் திணைக்களத்திடம் தகவலறியும் சட்டத்தின் கீழ் கேட்கலாம். எங்கள் உயர்தர வர்த்தகப் பிரிவுப் பிள்ளைகளைக் கொண்டு அந்த விண்ணப்பத்தை எழுதுவிக்கப் போகிறோம். பதில் வந்தால் இங்கேயே போடுவோம், இன்ஷா அல்லாஹ்.

இன்னொரு வேண்டுகோள். 1947க்கும் 1979க்கும் இடையில் பலாலி வழியாக வந்த கடித உறைகள் யாருடைய பெட்டியிலாவது கிடந்தால் தயவுசெய்து முத்திரையைக் கிழித்து எடுக்காதீர்கள். உறையைத் திருப்பிப் பாருங்கள். பின்பக்கத்தில் வந்துசேர்ந்த திகதிக் குத்து இருக்கும், முன்பக்கத்தில் அனுப்பிய குத்து இருக்கும். இரண்டு திகதிக்கும் இடையில் எத்தனை நாள் என்று பார்த்தால் கடிதம் எப்படி வந்திருக்கும் என்று பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள். உள்ளே இருக்கும் கடிதம் உங்களுடையது, அதைத் தரத் தேவையில்லை. வெறும் உறை போதும், படம் எடுத்துவிட்டுத் திருப்பித் தருவோம். புத்தளத்தில் இருக்கும் எங்கள் ஆட்கள் வாட்ஸ்அப்பில் இரண்டு பக்கத்தையும் படம் எடுத்து அனுப்பினாலும் காணும்.

அந்த மகன் தன்னுடைய பெத்தப்பாவின் நீலக் கடிதத்தை வகுப்புச் சுவரில் ஒட்டத் தர மறுத்துவிட்டான். போட்டோப் பிரதிதான் தருவானாம்.